ஆறு மைக்ரான்

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
இரவு ஷிப்ட் டீ, மணி இரண்டே முக்கால்.
காகிதக் கப்பின் விளிம்பைக் கடித்தபடி
முனிராஜு கேட்கிறான்:
"அம்பது வருஷத்துக்கு முன்னாடியே
போய் நடந்துட்டு வந்துட்டாங்க.
இன்னிக்கு நெனச்சா
சட்டுனு போயிட முடியாதா மேடம்?
அன்னிக்கு ராக்கெட்டுல இருந்ததைவிட
இந்த போன்ல பெரிய மூளையாமே."

ஷட்டருக்கு வெளியே
சந்திரசூடேசுவரர் மலைக்கு மேல்
தேய்ந்து பாதியான நிலா.
தலையிலேயே சூடிக்கொண்டவருக்குப்
பயணச் செலவில்லை.

என் மேசையில் ஒரு வளையம்.
டைட்டானியம். உள்ளங்கைக்குள் அடங்கும்.
வரைபடத்தின் மூலையில் வெறும் எண்;
எதற்குள் போய் உட்காரப்போகிறது என்று
எங்களுக்குச் சொல்வதில்லை.
ராக்கெட் பம்ப்பாக இருக்கலாம்.
மருந்து ஆலையின் வால்வாகவும் இருக்கலாம்.
மூன்று முறை அளந்துவிட்டேன்.
உள்விட்டம் ஆறு மைக்ரான் கூடுதல்.

ஒரு தலைமுடியை நெடுக்காகப்
பன்னிரண்டாய்ப் பிளந்தால் வரும் கீற்று.
கடைந்தவனுக்கே தெரியும்.
அதனால்தான் நிலாவைப் பற்றிப் பேசுகிறான்.

"மூளை இருக்கு முனிராஜு.
அந்த போனை வச்சு
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
அத்திப்பள்ளியைத் தாண்டிக் காட்டு பார்க்கலாம்."
சிரித்தான். நானும்.
பிறகு சிரிப்பு போதவில்லை.

போகலாம்.
பழைய வரைபடங்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றனவாம்.
ஆனால் அதிலுள்ள ஒரு திருகாணிக்கு
இன்று கொட்டேஷன் கேட்டால்
கம்பெனியே இல்லை என்று கடிதம் திரும்பும்.
இருந்தாலும் டெலிவரி முப்பது வாரம் என்பார்கள்;
நம் கார்பைடு முனைக்கே பன்னிரண்டு.
அன்று நான்கு லட்சம் பேர்
ஒரே வேலையில் குனிந்திருந்தார்கள்.
ஒரு நாட்டை முந்த வேண்டிய கோபம்
சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது.
அந்தக் கோபத்தை எந்த ஸ்டோரில் இண்டென்ட் போட்டு வாங்குவது?

இன்னொன்று.
அவர்கள் திரும்பாமல் போனால் வாசிக்க
இரங்கல் உரையொன்றை
முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்.
அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளச்
சம்மதம் என்றால்
தேதி நன்றாகவே முன்னால் வரும்.

"போறேன்" என்று சொல்லிவிட்டு
யாராவது வாசல் தாண்டுவோமா இங்கே?
கெலமங்கலத்தில் வண்டியை உதைக்கும்போது
இவன் தன் மனைவி கௌரம்மாவிடம் சொல்வது
"போயிட்டு வரேன்."
போவதற்கு எரிபொருள் போதும்.
அந்த "வரேன்"தான்
ஆண்டுகளைத் தின்கிறது.
ஒவ்வொரு வால்வையும் இரண்டாக்கி,
ஒவ்வொன்றையும் குலுக்கி, உறைய வைத்து, சுட்டு,
மறுபடி அளக்கச் சொல்கிறது.

இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லவில்லை.
சொன்னது:
"இதுல சிவப்புச் சீட்டுக் கட்டப்போறேன்."

"மேடம், ஏழு மணிக்கு லாரி.
நாப்பத்தெட்டு கேட்டிருக்கான்,
நாப்பத்தேழுன்னா முழுசாத் திருப்பிடுவான்.
ஆறு மைக்ரான்... யார் பார்க்கப்போறா?"

நான்தான் பார்த்துவிட்டேனே.
சொல்லவில்லை, சீட்டின் நூலை முடிச்சிட்டேன்.
கப்பைக் கசக்கி எறிந்தான்;
தொட்டிக்குள் விழவில்லை.
எடுத்துப் போடாமலே எந்திரத்துக்குப் போனான்.

இரண்டு மணி நேரம்
கூலன்ட் நாற்றமும் உலோகம் சீறும் ஒலியும்.
நடுவில் ஒருமுறை நிறுத்தி
டூலை மாற்றினான், நான் கேட்காமலே.
வெளியே ரோஜாக் கட்டுகள் ஏற்றிய வேன் ஒன்று
பெங்களூர் பக்கம் விரைந்தது,
அதற்கு நிஜமாகவே அவசரம்.

ஐந்தே முக்காலுக்குப்
புது வளையத்தைத் துணியில் ஏந்தி வந்தான்.
இன்னும் கதகதப்பு.
கேஜை எடுக்கப்போன அவன் கையைத் தடுத்தேன்.
சூட்டில் அளந்தால் உலோகம் பொய் சொல்லும்.
இருபது டிகிரிக்கு இறங்கட்டும்.

"எவ்வளவு நேரம்?"

கிரானைட் பலகையின் மேல் வைத்துவிட்டு
ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்தோம்.
நிலா உச்சிக்கு வந்து வெளுத்திருந்தது.
ஊதி ஆற்றலாமா என்று கேட்டான்,
கூடாது என்றேன்.